பள்ளி மைதானத்தில் களை: எதை அடிப்பது என்று கேட்பதற்கு முன்

"குழந்தைகளுக்கு ஒன்றும் செய்யாத களைக்கொல்லி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்." பள்ளி நிர்வாகிகளும் குழந்தைகள் காப்பகம் நடத்துபவர்களும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் விடுமுறை முடியப்போகிற நேரத்தில், மைதானம் முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும்போது கேட்பார்கள். நான் எந்தப் பெயரும் சொல்வதில்லை. முதலில் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம், அப்புறம் பேசுவோம் என்பேன். சுற்றி முடிப்பதற்குள் பாதி இடத்தில் எதையுமே அடிக்கத் தேவையில்லை என்று அவர்களுக்கே புரிந்துவிடும்.

குழந்தைகள் தரையோடு தரையாக இருப்பவர்கள். உட்கார்ந்து, புரண்டு, மண்ணைக் கிளறி, அதே கையை வாயில் வைப்பார்கள். உடல் எடைக்குப் பார்த்தால் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். தோல் பரப்பும் அதே கணக்கில் அதிகம். மூளையும் நரம்பும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயது. "அடித்தது காய்ந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று சொல்வார்கள். அது பாதிதான் சரி. மைதானத்தில் அடித்தது செருப்பில் ஒட்டிக்கொண்டு வகுப்பறைக்குள் வரும். வெளியே வெயிலும் மழையும் மண்ணின் நுண்ணுயிர்களும் அதைச் சிதைக்கும். உள்ளே, விரிப்பிலும் மூலைத் தூசியிலும் சிதைக்க ஆளில்லை. அங்கே அது நீண்ட நாள் தங்கும்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி பற்றிய சண்டை எல்லோருக்கும் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் அதை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம் உள்ளவற்றில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அந்த முடிவுக்கு வரவில்லை. இதில் யார் சொல்வது சரி என்று தீர்ப்பு வரும்வரை பள்ளி காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. வயலில் களை நின்றால் விளைச்சல் போகும். மைதானத்தில் நின்றால் என்ன போகிறது? கொஞ்சம் அழகு போகும், அவ்வளவுதான். அதற்காக ஆபத்தின் அளவை ஆராய்ந்துகொண்டிருப்பது வீண் வேலை. நியூயார்க் மாநிலம் 2010-ல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. பள்ளி, காப்பக மைதானங்களில் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி அடிக்கக் கூடாது. அவசரநிலைக்கும், ஆபத்து மிகக் குறைந்தவை என்று வரையறுத்த சில பொருட்களுக்கும் மட்டும் விலக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு நெறிமுறையும் பள்ளி வளாகம், விளையாட்டுத் திடல், பூங்கா போன்ற இடங்களில் இவற்றைக் குறைக்கவோ தடை செய்யவோ சொல்கிறது.

பாராகுவாட் என்ற களைக்கொல்லி பற்றித் தனியாக ஒன்று. அதன் நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது, ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-லிருந்து அதற்கு அனுமதி இல்லை. தோட்ட அறையில் பழைய குளிர்பான பாட்டிலில் பழுப்பாகவோ நீலப்பச்சையாகவோ ஏதாவது இருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும்வரைகூடப் பொறுக்க வேண்டாம். அந்த அறையைப் பூட்டிவிட்டு, அதை முறைப்படி அப்புறப்படுத்த ஏற்பாடு செய்யுங்கள்.

சரி, சுற்றி வருவோம்.

முதலில் தேடுவது தொட்டாலோ தின்றாலோ கெடுதல் செய்யும் செடிகளை. ஊமத்தை, காட்டாமணக்கு, ஆமணக்கு, வேலியில் படர்ந்த குன்றிமணி, அரிப்பைக் கிளப்பும் பூனைக்காலி, செந்தட்டி, காலில் ஏறும் நெருஞ்சி, தோல் அழற்சியும் மூச்சிரைப்பும் வரவழைக்கும் பார்த்தீனியம். இவற்றுக்கு மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது. பூப்பதற்கு முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்ட பெரியவர் ஒருவர் வேரோடு பிடுங்க வேண்டும். குன்றிமணியைக் கொடியோடு எடுத்தால் போதாது, கீழே சிந்திய விதைகளையும் பொறுக்க வேண்டும். சிவப்பும் கறுப்புமாகப் பளபளக்கும் அந்த விதையைப் பார்த்தால் எந்தக் குழந்தையும் கையில் எடுக்கும். தோல் உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். கடித்து மென்றால்தான் நஞ்சு இறங்கும். பாசிமணிக்காக ஓட்டை போட்ட விதை இன்னும் மோசம்.

மாணவர்களை வரிசையாக நிறுத்திக் களை பிடுங்கச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. தோட்ட வேலை நல்ல பாடம்தான், நான் எதிர்ப்பவன் அல்ல. ஆனால் மேலே சொன்ன செடிகள் இருக்கும் இடத்திலோ, முன்பு எதையாவது அடித்த இடத்திலோ பிள்ளைகளை இறக்கக் கூடாது.

இவற்றை எடுத்த பிறகு மிச்சம் இருப்பதில் பெரும்பங்கு வெறும் பச்சைதான். ஓரத்து மரத்தடியில் நாலு செடி முளைத்திருந்தால் முளைத்திருக்கட்டும். பூத்துத் தேனீ மொய்க்கிற செடி விளையாடும் இடத்தில் இருந்தால் மட்டும், கொட்டினால் ஒவ்வாமை வரும் குழந்தைகளை நினைத்து, பூவுக்கு முன் வெட்டிவிடலாம்.

அடுத்து, திட்டுத் திட்டாகக் களை அடர்ந்திருக்கும் இடங்கள். இங்கேதான் நான் அதிக நேரம் நிற்பேன். என் பையில் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். மழை பெய்த மறுநாளோ தண்ணீர் விட்ட பிறகோ அதை மண்ணில் அழுத்திப் பார்ப்பேன். நல்ல மண்ணில் பிடிவரை இறங்கும். பிள்ளைகள் ஓடி ஓடி இறுகிப்போன மண்ணில் இரண்டு விரற்கடைகூட இறங்காது. அப்படி இறுகிய மண்ணில் புல்லின் வேருக்குக் காற்றும் தண்ணீரும் போதாது. புல் மெலிந்து மண் தெரிய ஆரம்பிக்கும். தரையோடு படர்ந்து, மிதித்தாலும் சாகாத களைகளுக்கு அதுதான் வேண்டும். மேலே இருப்பதை எதைக் கொண்டு கொன்றாலும் அடுத்த மழையில் அதே இடத்தில் அதே களை நிற்கும்.

எனவே மண்ணைத் திறந்துவிட வேண்டும். சிறு சிறு மண் உருளைகளாகத் தோண்டி எடுக்கும் காற்றோட்டக் கருவி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கடப்பாரையோ முள் மண்வெட்டியோ போதும், நேரம்தான் பிடிக்கும். மேலே சலித்த மக்கு உரம் தூவி, புல் விதையோ கரணையோ நெருக்கமாகப் போட்டு, வேர் பிடிக்கும்வரை அந்த இடத்தைக் கயிறு கட்டி அடைக்க வேண்டும். புல்லை ஒட்ட வெட்டக் கூடாது. மூன்று அங்குல உயரம் விட்டால் தரைக்கு நிழல் கிடைக்கும், களை விதை முளைப்பது குறையும். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவதும் புல்லைப் பலவீனமாக்கும். "குட்டையாக வெட்டினால் அடிக்கடி வெட்ட வேண்டாம்" என்று தோட்டக்காரர் சொல்வார். அவர் சொல்வதைக் கேட்டால் அடுத்த வருஷம் புல்லுக்குப் பதில் களையைத்தான் வெட்டிக்கொண்டிருப்பார்.

வாசலிலிருந்து ஊஞ்சல்வரை பிள்ளைகளே ஒரு தடம் போட்டிருப்பார்கள். அங்கே புல்லை வளர்க்க முயல வேண்டாம். அதையே முறையான நடைபாதையாக ஆக்கிவிடுங்கள்.

விளையாட்டுச் சாதனங்களின் அடியில் கொட்டியிருக்கும் மரச்சிராய்ப் படுகை வேறு கதை. களை வந்தாலே அந்தப் படுகையின் தடிமன் குறைந்துவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். விழும் குழந்தையைத் தாங்குவதுதான் அதன் வேலை. சாதனத்தின் உயரத்தைப் பொறுத்துக் குறைந்தது 9 அங்குலம் தேவைப்படும். களையின் வேர்கள் சிராயைப் பின்னி இறுக்கிவிட்டால் அந்த மென்மை போய்விடும். வாரம் ஒரு முறை இரும்பு வாரியால் ஆழக் கிளறினால் முளைக்கும் களையும் சாகும், படுகையும் பொலபொலவென்று ஆகும். ஒரே வேலையில் இரண்டு பலன். மற்ற இடங்களில், செடிகளைச் சுற்றியும் மரத்தடியிலும், சிராயோ சருகோ பரப்பி மண்ணை மூடும் மூடாக்கு 3 முதல் 4 அங்குலம் போதும். அடிமரத்தையும் கட்டடச் சுவரையும் தொடாமல் தள்ளிப் போடுங்கள். சுவரோடு ஒட்டினால் கரையானுக்கு வழி.

வேலி ஓரம்தான் எல்லா இடத்திலும் தலைவலி. புல்வெட்டும் இயந்திரம் அங்கே போகாது என்பதால்தான் ஆட்கள் களைக்கொல்லியைக் கையில் எடுக்கிறார்கள். வேலிக்கு அடியில் ஓர் அடி அகலத்துக்குக் கான்கிரீட்டோ கல்லோ பாவிவிட்டால் இயந்திரத்தின் சக்கரம் அதன் மேல் ஓடும், அந்தப் பிரச்சினை நிரந்தரமாக முடியும். முதலில் செலவுதான். ஆனால் ஒரு தடவைச் செலவு. நடைபாதை விரிசல்களையும் அப்படியே சுரண்டிவிட்டு அடைத்துவிடலாம்.

கோரைக்குத் தனிப் பொறுமை வேண்டும். மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். ஒன்றை அறுத்தால் தூங்கிக்கொண்டிருந்த மற்றவை விழித்துக்கொள்ளும். கொல்லி அடித்தாலும் உறங்கும் கிழங்குவரை அது போய்ச் சேர்வதில்லை. இளம் முளையாக இருக்கும்போதே விடாமல் எடுத்துக் கிழங்கின் இருப்பைத் தீர்ப்பதும், நிழல் கூட்டுவதும்தான் வழி. நிழலில் கோரை நோஞ்சானாகிவிடும்.

நீண்ட கோடை விடுமுறை இருந்தால் வெயிலையே வேலை வாங்கலாம். மண்ணைக் கொத்தி, நன்றாக நனைத்து, கண்ணாடிபோல் தெளிந்த பாலித்தீன் விரிப்பைத் தரையோடு ஒட்டிப் போர்த்தி, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்து 4 முதல் 6 வாரம் விடுங்கள். கறுப்பு விரிப்பைவிடத் தெளிந்த விரிப்புதான் மண்ணை அதிகம் சூடாக்கும். மேல்மண்ணில் உள்ள விதைகளில் பெரும்பாலானவை வெந்துபோகும். ஆழத்துக் கோரைக் கிழங்கு தப்பிக்கும். எடுத்த பிறகு ஆழமாகக் கிளறக் கூடாது, கீழே இருக்கும் விதைகள் மேலே வந்துவிடும். களை விதையின் ஆயுளைக் குறைவாக எடைபோட வேண்டாம். அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879-ல் 20 பாட்டில்களில் விதைகளை அடைத்துப் புதைத்தார். அவற்றில் ஒன்றை 2021-ல் எடுத்தபோது சில விதைகள் முளைத்தன. 141 ஆண்டுக்கு மேல் கழிந்த பிறகு!

கல் பாவிய இடங்களுக்குக் கொதிநீர், நீராவி, தீச்சுடர்க் கருவி மூன்றும் பயன்படும். பிள்ளைகள் இல்லாத நாளில், பழகிய ஆள் மட்டும் செய்ய வேண்டும். சுடரை மரச்சிராய், காய்ந்த புல், மரக்கட்டடம் அருகில் கொண்டுபோகவே கூடாது. செடி கருகும்வரை சுட வேண்டியதில்லை. சுடரை ஒரு தடவை மேலோட்டமாகக் காட்டிவிட்டு, ஆறியதும் இலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் பதிந்த இடம் கரும்பச்சையாக நின்றால் உள்ளே செல்கள் உடைந்துவிட்டன, அது பிழைக்காது.

இனி அந்த முதல் கேள்வி. குறைந்த ஆபத்துள்ள பொருட்கள் இருக்கின்றன. அசெட்டிக் அமிலம், சிட்ரிக் அமிலம், கிராம்பு எண்ணெய், கொழுப்பு அமிலச் சோப்பு எல்லாம் பட்ட இலையை மட்டும் எரிப்பவை. நாலு இலைப் பருவக் கன்றுகள் சாகும். வேரூன்றிய அருகுக்கு முடிவெட்டிய மாதிரிதான், மறுபடி தழையும். இரும்புச்சத்தை வைத்துச் செய்த களைக்கொல்லி அகலஇலைக் களையைக் கறுக்க வைத்துப் புல்லை விட்டுவிடும். கான்கிரீட்டில் பட்டால் துருக்கறை போகாது. மக்காச்சோளக் குளூட்டன் மாவு முளைக்கும் விதை வேர்விடாமல் தடுக்கிறது. 100 சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ தேவை, வளர்ந்த களையை ஒன்றும் செய்யாது, அதில் தழைச்சத்து இருப்பதால் நேரம் தவறிப் போட்டால் களைக்கே உரமாகும்.

"இயற்கையானது" என்ற சொல்லை நம்பி அசட்டையாக இருந்துவிடாதீர்கள். சமையலறை வினிகர் 5 சதவீதம். தோட்டத்துக்கென்று விற்கும் 20 சதவீத அமிலம் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உப்பைக் கொட்டினால் அந்த மண்ணில் அப்புறம் நீங்கள் விரும்பும் புல்லும் வராது. வினிகரோடு பிளீச்சிங் கலந்தால் குளோரின் வாயு வரும். மண்ணெண்ணெய், டீசல் ஊற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பராமரிப்பை வெளியாளிடம் கொடுத்திருந்தால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். "களை அகற்றுதல்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் அவர் தனக்கு எது மலிவோ அதைச் செய்வார். எந்த முறை, எந்த மாதம், புல்லின் உயரம் எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எந்தத் தெளிப்பும் கூடாது, அனுமதித்தாலும் பிள்ளைகள் இல்லாத நாளில், காற்று இல்லாத நேரத்தில், பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லி, இடத்தில் பலகை வைத்துத்தான் என்று சேருங்கள். லேபிளில் சொன்ன நேரம் கழிந்த பிறகே யாரையும் உள்ளே விட வேண்டும். தெளித்த பொருள், அளவு, தேதி எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். குழந்தைக்குத் தடிப்போ வாந்தியோ வந்து மருத்துவர் "எதைத் தொட்டது?" என்று கேட்டால் எடுத்துக் காட்ட அந்த நோட்டு கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.