பந்தய சீசனுக்கு முன் பையன்களின் தலையையும் பாருங்கள்

எங்கள் பக்கம் சீசன் என்றால் குற்றாலச் சீசன்தான். சாரல் விழத் தொடங்கியதும் பாளையங்கோட்டையில் இருக்கும் என் கிளினிக்கில் சளி, காய்ச்சல் என்று கூட்டம் கூடிவிடும். சில வருடங்களாக அதே சமயத்தில் இன்னொரு கூட்டமும் வருகிறது. வண்ணார்பேட்டையில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், தன் ரேஸ் டீம் பையன்கள் நாலு பேரை அழைத்துக்கொண்டு வருவார். புதுப் பந்தய சீசனுக்கு லைசென்ஸ் எடுக்க மருத்துவச் சான்று வேண்டும்.

சின்ன டீம், சொந்தக் காசு. குட்டி யானையில் பைக்குகளையும் டயர்களையும் டூல் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு 600 கிலோமீட்டர் போவார்கள். அங்கே ஒரு சுற்று 3.717 கி.மீ. அந்த டிராக் வருவதற்கு முன் சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில்தான் பந்தயம். சின்ன வயதில் சோழவரம் போய்ப் பார்த்ததை அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் கண் விரியச் சொல்வார்.

சீசனுக்கு முன் அவர் வண்டியைத் தயார் செய்யும் நேர்த்தியைப் பார்த்திருக்கிறேன். பிஸ்டன் ரிங், வால்வு கிளியரன்ஸ், செயின், பிரேக் பேடு என்று ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு நோட்டில் எழுதுவார். பையன்களுக்கு அப்படி ஒரு நோட்டு கிடையாது. அது எனக்கும் உறைக்கவில்லை என்பதுதான் வருத்தம். பி.பி., கண், பழைய எலும்பு முறிவு இவற்றைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வந்தேன்.

போன வருடம் ஒரு பையனோடு அவன் அம்மாவும் வந்திருந்தார். பையனுக்கு 19 வயது. சான்றை எடுத்து எழுதப் போகும்போது அவர் மெதுவாகச் சொன்னார்:

"ரெண்டு வாரமா ஒரு மாதிரியா இருக்கான் டாக்டரம்மா. லைட்டப் போட்டா அணைக்கச் சொல்லுதான். சும்மா சும்மா கோவப்படுதான். சொன்னதையே திரும்பச் சொல்லுதான்."

"எங்கேயும் விழுந்தியா தம்பி?" என்று கேட்டேன். இல்லை என்றான். ஹெல்மெட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.

பின்பக்கம் இடது ஓரத்தில் புதிதாக ஒரு ஸ்டிக்கர். உரித்தால் அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிராய்ப்பு. உள்ளே இருக்கும் துணிப் பேடை எடுத்துப் பார்த்தால், அந்த இடத்தில் தெர்மாகோல் அமுங்கி விரல் பதிகிற பள்ளம். ஹெல்மெட் தலையைக் காப்பாற்றுவதே அந்தத் தெர்மாகோல் நசுங்குவதால்தான். ஒரு தடவை நசுங்கியது மறுபடி எழும்பாது. அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தால் தாங்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தாலும் அந்த ஹெல்மெட்டின் ஆயுள் முடிந்தது.

அப்புறம்தான் பையன் சொன்னான். கோவைப் பக்கம் பயிற்சிக்குப் போனபோது விழுந்திருக்கிறான். நினைவு தப்பவில்லை. கூட இருந்தவர்கள் சோடா வாங்கிக் கொடுத்து, பத்து நிமிடத்தில் மறுபடி பைக்கில் ஏற்றிவிட்டார்கள். மறுநாள் தலைவலி தாங்காமல் ஒரு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்தான். நார்மல் என்று வந்ததும், யாரிடமும் சொல்லாமல் வலி மாத்திரை போட்டுக்கொண்டு நாளை ஓட்டியிருக்கிறான். சொன்னால் தன் இடத்தில் வேறொருவன் ஏறிவிடுவான் என்ற பயம்.

"ஸ்கேன் நல்லா இருக்குன்னுதான எழுதியிருக்கு?" என்றார் அண்ணாச்சி.

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சி.டி. ஸ்கேனில் ரத்தக் கசிவும் எலும்பு முறிவும் தெரியும். மூளை அதிர்வு, அதாவது கன்கஷன், பொதுவாக அதில் தெரியாது. தலை சட்டென்று நின்றோ திரும்பியோ போகும்போது உள்ளே மூளை குலுங்குகிறது. நரம்பணுக்களின் வேலை கொஞ்ச காலத்துக்குக் குழம்பிப்போகிறது. நினைவு தப்பினால்தான் பெரிய அடி என்பதும் தவறு. மூளை அதிர்வு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே இல்லை.

"அப்ப இன்ஜின் உடையல, ஒயரிங்ல கோளாறு. அப்படித்தான?" என்றார் அண்ணாச்சி. அதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஒயரிங் கோளாறோடு டிராக்கில் இறங்கினால் என்ன ஆகும்? 150 கி.மீ. வேகத்தில் போகும் பைக் ஒரு நொடியில் 41 மீட்டருக்கு மேல் கடக்கிறது. பிரேக் பிடிக்கக் கை 0.3 நொடி தாமதித்தால் 12 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். அதோடு, ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால் அரிதாக மூளை வேகமாக வீங்கி உயிரே போகலாம். இளம் வயதினரிடம்தான் இதை அதிகம் பார்த்திருக்கிறார்கள்.

பையன் கேட்கிற மாதிரி இல்லை. மோட்டோஜிபி பைக் பந்தய வீரர் மார்க் மார்க்கேஸ் அவனுக்கு உயிர் என்பதால் அவரைப் பற்றியே சொன்னேன். 2022 மார்ச்சில், சீசனின் இரண்டாவது பந்தயமே வந்த நேரம். இந்தோனேசியாவின் மண்டலிகாவில் பந்தயத்துக்கு முந்தைய வார்ம்-அப்பில் தூக்கி எறியப்பட்டார். அன்றைய பந்தயத்தில் ஓட்ட மருத்துவர்கள் அனுமதிக்கவில்லை. பார்வை இரட்டையாகத் தெரியும் பழைய தொல்லையும் திரும்பி வந்ததால் அடுத்த பந்தயத்துக்கும் போகவில்லை. அப்போதே எட்டு உலகப் பட்டம் வென்றிருந்தவர் அவர். அவர் இடம் எங்கும் போய்விடவில்லை. பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அண்ணாச்சியின் அப்பா பந்தய மாடு வளர்த்தவர். "நொண்டுத மாட்ட எங்க அப்பா வண்டியில பூட்டவே மாட்டாரு," என்று மட்டும் சொன்னார். சான்றைக் கேட்காமல் எழுந்துவிட்டார்.

பையனைக் கட்டிலிலேயே கிடக்கச் சொல்லவில்லை. முதல் ஒன்றிரண்டு நாளுக்குத்தான் ஓய்வு முக்கியம். அப்போது செல்போன் திரையையும் குறைக்க வேண்டும். அவனுக்கு அந்தக் கட்டம் வீணாகப் போயிருந்தது. முதலில் நடை, பிறகு ஜிம்மில் நிற்கும் சைக்கிள், பிறகு ஓட்டமும் பேலன்ஸ் பயிற்சியும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் குறைந்தது 24 மணி நேரம். தலைவலி கூடினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். எல்லாம் சரியாகி மருத்துவர் சொன்ன பிறகே பைக். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள்.

டிராக்கில் நிற்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விழுந்தவனை உடனே எழுப்பி நிறுத்தாதீர்கள், ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். கழுத்தில் அடி இருக்கலாம். ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்க, பழகிய இன்னொருவர்தான் கழற்ற வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை கால் பலவீனம், இரட்டைப் பார்வை, எழுப்ப முடியாத மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. எதுவும் இல்லாவிட்டாலும் அன்றைக்கு அவன் மறுபடி பைக்கில் ஏறக்கூடாது. இதில் விதிவிலக்கே வேண்டாம். தலையில் அடிபட்டவனைத் தூங்க விடக்கூடாது என்று நம் ஊரில் சொல்வார்கள். மருத்துவர் பார்த்து ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு தூங்கலாம், தூக்கம் நல்லது. முதல் இரவு பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

இந்த வருடம் நாலு பேரையும் சீசனுக்கு முன்பே வரச் சொன்னேன். பத்து வார்த்தைகளைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டேன். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்ல வைத்தேன். கண்ணை மூடி ஒற்றைக் காலில் 20 நொடி நிற்க வைத்தேன். நன்றாக இருக்கும்போது ஒருவன் எப்படிச் செய்கிறான் என்று எழுதி வைத்தால், விழுந்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மூளை அதிர்வு இருக்கிறதா என்று சோதிக்க ஸ்காட் 6 என்ற படிவம் 2023இல் வந்திருக்கிறது. இவையெல்லாம் அதில் உள்ளவைதான்.

போன வருடம் அந்தப் பையன் சீசனின் முதல் பந்தயத்துக்குப் போனான், ஆனால் ஓட்டவில்லை. டிராக் ஓரத்துப் பிட்டில் நின்று மற்றவர்களுக்கு லேப் நேரம் எழுதிக் கொடுத்தான். இரண்டாவது பந்தயத்தில் புது ஹெல்மெட்டோடு ஓட்டினான். அண்ணாச்சி நாலு பேரின் சோதனைத் தாள்களையும் லேமினேட் செய்து, வால்வு கிளியரன்ஸ் நோட்டோடு டூல் பெட்டியில் வைத்திருக்கிறார்.