செல்: அறையா, அணுவா, கலமா?

கைப்பேசியைச் செல் என்கிறோம். சுவர்க்கடிகாரத்தில் போடும் பேட்டரியையும் செல் என்கிறோம். புழல் சிறையில் கைதியை அடைக்கும் கொட்டடிக்கும் அதே பெயர்தான். உயிரியல் பாடத்தில் வரும் செல்லையும் சேர்த்து இவை நான்கும், சிற்றறை என்று பொருள்படும் 'கெல்லா' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. பரணில் கிடந்து 'செல்லரித்த' புத்தகத்தில் உள்ள செல் மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது கறையானைக் குறிக்கும் தமிழ்ச்சொல்.

அறையின் பெயர் உயிருக்கு வந்ததற்குக் காரணம் ஒரு தக்கைத் துண்டு. அதை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த இராபர்ட் ஹூக், தேனடையைப் போல அடுக்கடுக்காக இருந்த சிறு பெட்டிகளுக்கு 1665-இல் இப்பெயரை இட்டார். ஒரு கன அங்குலத்தில் அவை 120 கோடிக்கு மேல் இருக்கும் என்றும் கணக்கிட்டார். ஆனால், தக்கை என்பது மரப்பட்டையின் இறந்த பகுதி. அவர் கண்டவை குடியிருந்தவர் போனபின் எஞ்சி நின்ற சுவர்களே. ஆக, இச்சொல் பிறந்ததே சுவரைப் பார்த்துத்தான். இதை மறந்துவிட்டால், பாக்டீரியா, தாவரம், விலங்கு ஆகிய மூன்றின் செல்களை ஒப்பிடும்போது குழப்பம் வந்து சேரும்.

தண்டையார்பேட்டையில் மாடியறை ஒன்றில் நான் தனிவகுப்பு நடத்துகிறேன். அங்கே முதலில் வெங்காயத்தின் உட்தோலை உரித்து அயோடின் விட்டுக் காட்டுவேன். செங்கல் பாவியதைப் போல வரிசை தெளிவாகத் தெரியும். அடுத்து, கன்னத்தின் உட்புறத்தைப் பல்குச்சியால் வழித்து, மெத்திலீன் நீலம் தோய்த்துக் காட்டினால், ஓரம் மடிந்த அப்பளத் துண்டுகளைப் போலச் சில திட்டுகளும் அவற்றின் நடுவே ஒரு நீலப்புள்ளியும் தெரியும். "இதுல அறையே இல்லையே சார்" என்றாள் ஒரு மாணவி. அவள் சொன்னது சரி. தாவரச் செல்லுக்குச் செல்லுலோசால் ஆன சுவர் உண்டு. விலங்குச் செல்லைச் சுற்றி இருப்பது மெல்லிய சவ்வு மட்டுமே. பாக்டீரியாவுக்கும் பெரும்பாலும் சுவர் உண்டு என்றாலும், அது பெப்டிடோகிளைக்கான் என்னும் வேறு பொருளால் ஆனது. பெனிசிலின் அந்தச் சுவர் கட்டப்படுவதைத் தடுப்பதால்தான் கிருமி சாகிறது. அத்தகைய சுவரே இல்லாத நம் செல்கள் தப்பிக்கின்றன.

மூன்றாவதாகத் தயிரில் ஒரு சொட்டு. அதில் தெரிபவை சின்னஞ்சிறு புள்ளிகளும் கோல்களும் மட்டுமே. 'பாக்டீரியா' என்ற சொல்லுக்கே கிரேக்க மொழியில் சிறுகோல் என்றுதான் பொருள். வண்ணாரப்பேட்டையின் பழைய ஒண்டுக்குடித்தனத்தில் சமையலும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்பும் ஒரே அறையில் நடப்பதைப் போல, பாக்டீரியாவின் வேலைகள் எல்லாம் தடுப்பில்லாத ஒரே இடத்தில் நடக்கின்றன. வளையமான அதன் டிஎன்ஏ-வுக்கும் தனி உறை கிடையாது. தாவரத்திலும் விலங்கிலும் டிஎன்ஏ-வுக்கு உட்கரு என்ற தனியறை உண்டு. பாக்டீரியா போன்ற உயிர்களைக் குறிக்கும் புரோகேரியோட் என்ற சொல்லில் உள்ள 'கேரியோன்' என்பதற்குக் கொட்டை என்று பொருள். 'கொட்டைக்கு முந்தியது' என்று பெயர் வைத்ததும் உட்கரு இல்லாமையைச் சுட்டவே.

தாவரம், விலங்கு இரண்டின் செல்லிலும் உட்கருவைப் போலவே தனியறையாக இருந்து, செல்லுக்கு ஆற்றல் தருவது மைட்டோகாண்ட்ரியா. அதைத் தமிழில் இழைமணி என்பர். கிரேக்க மூலத்தின் இரு பகுதிகளும் இழை, மணி என்றே பொருள்படுவதால், இதைவிடப் பொருத்தமான ஆக்கம் அமைவது அரிது. தாவரத்தில் கூடுதலாக, ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகமும், முதிர்ந்த செல்லில் பெரும்பகுதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், சாறு நிறைந்த பெரிய நுண்குமிழும் உண்டு. சுவையான செய்தி என்னவென்றால், இழைமணியும் பசுங்கணிகமும் முன்னொரு காலத்தில் பெரிய செல்லுக்குள் புகுந்து, உள்வாடகைக்கு வந்தவர் வீட்டோடு தங்கிவிட்டதைப் போல, நிலைத்துவிட்ட பாக்டீரியாக்களின் வழிவந்தவை; அவற்றிடம் இன்றும் தனி டிஎன்ஏ உண்டு.

இனித் தமிழ்ப்பெயருக்கு வருவோம். 'கண்ணறை' அழகான சொல். காசிமேட்டில் வலையின் ஒவ்வொரு துளையும் கண்தானே. ஆனால், விலங்குச் செல்லைச் சுவரில்லாத அறை என்று சொல்ல வேண்டிய சங்கடம் அதிலும் தொடர்கிறது. 'உயிரணு' நாளிதழ்களில் வழக்கமாக வரும் சொல். எனினும், அணு என்றதும் இயற்பியலின் அணு நினைவுக்கு வருகிறது. குழந்தையின்மைச் சிகிச்சை விளம்பரங்களோ அதை விந்தணுவுக்கே வைத்துக்கொண்டுவிட்டன. செல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பாரும் உண்டு. ஆனால் கல் கற்களாகவும் பல் பற்களாகவும் ஆகும்போது, செல் மட்டும் 'செற்கள்' ஆகாமல் செல்களாகவே நிற்பதைப் பார்த்தால், நம் காது அதை இன்னும் விருந்தாளியாகவே வைத்திருக்கிறது என்று தோன்றுகிறது.

என் தேர்வு 'கலம்'. உண்கலமும் மரக்கலமும் எதையோ உள்ளே கொண்டவை. கொள்வதற்கு விளிம்பு போதும், சுவர் வேண்டியதில்லை என்பதால் மூன்று வகைக்கும் அது பொருந்தும். கடிகாரத்தில் போடும் செல்லுக்கு மின்கலம் என்று முன்பே பெயரிட்டுவிட்டோம். இலங்கைப் பாடநூல்களில் கலச்சுவர், கலமென்சவ்வு என்று தடையின்றிச் சொற்கள் கிளைத்துள்ளன. தேர்வுத்தாளில் மட்டும் செல் என்றே எழுதும்படி மாணவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இங்குள்ள பாடநூல் அப்படித்தான் எழுதுகிறது.