பச்சைக் குழந்தைக்கு மூச்சு வாங்கினால்

மார்கழிப் பனி இறங்கியதும் தர்மபுரியில் எங்கள் கிளினிக்கில் கைக்குழந்தைகள் கூட்டம் அதிகமாகிவிடும். முக்கால்வாசி சாதாரணச் சளிதான். சில குழந்தைகளுக்கு மட்டும் அது மூக்கோடு நிற்காமல் நுரையீரலின் சின்னச் சின்ன மூச்சுக்குழாய்களுக்குள் இறங்கிவிடும். குழாய் வீங்கி, சளி அடைத்து, காற்று போய்வரத் திணறும். பிராங்கியோலைட்டிஸ் என்று சீட்டில் எழுதுவோம். 2 வயதுக்குள் வருகிற நோய். முதல் சில மாதங்களில் வந்தால் கடுமை அதிகம். பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ்தான் காரணம். பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாக வந்துபோகிற அதே கிருமி.

வீட்டில் எல்லோருக்கும் இருமல் சத்தம்தான் பயம். எனக்கு, சத்தமே இல்லாமல் மூச்சு வாங்கும் குழந்தையைக் கண்டால்தான் பயம். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி பேரனைத் தூக்கி வந்தார். ஸ்வெட்டர், குல்லா, அதற்கு மேல் ஒரு துண்டு. "சளிதாங்க டாக்டரம்மா, இருமல்கூட அவ்வளவா இல்ல. காலையிலருந்து பால்தான் வேணாங்குது" என்றார். சட்டையைத் தூக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தது, மூக்கு விடைத்தது. "ஐயோ, இப்படி எக்குதே!" என்று பாட்டியே பதறிவிட்டார். அத்தனை துணிக்குள் யார் கண்ணுக்குத்தான் தெரியும்? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆக்ஸிஜன் வைத்து, குழாய் வழியாகப் பால் கொடுத்துத் தேற்றினார்கள்.

அதனால், குழந்தை அழாமல் இருக்கும்போது, தூங்கினால் இன்னும் நல்லது, சட்டையை விலக்கி வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். செல்போனில் நேரம் பார்த்தால் போதும். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 5 வயது வரை 40. இந்த அளவைத் தொட்டாலே அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தால், முனகினால், பால் குடிக்க முடியாமல் போனால், துவண்டால், உதடு நீலம் பூத்தால், மூச்சு நின்று நின்று வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இந்த நோய் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் உச்சத்துக்குப் போகும். "நேத்து காட்டினோமே" என்று இருந்துவிடாதீர்கள், மறுபடி வாருங்கள். வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் ஊசி இதற்கு உதவாது. மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டு, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பதுதான் வைத்தியம். இருமல் முழுசாக அடங்க 2, 3 வாரம்கூட ஆகும்.

அம்மா தயிர் சாப்பிட்டாள், தலைக்குக் குளித்தாள், அதனால்தான் பிள்ளைக்குச் சளி என்று சொல்லித் தாய்ப்பாலை நிறுத்திவிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அவள் பச்சைத் தண்ணீரில் குளித்தாலும் பால் சளியாகாது. சளி பிடித்த குழந்தைக்குத் தண்ணீரும் தெம்பும் அந்தப் பாலில்தான் இருக்கிறது. ராத்திரி முழுக்கக் கண் விழித்து உட்கார்ந்திருப்பவள்மேல் பழியையும் போடாதீர்கள். மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். கற்பூரம் கலந்த தைலம் குழந்தைக்கு வலிப்பையே கொண்டுவரலாம். உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்று சொல்லித் தொக்கம் எடுக்கவும் கூட்டிப்போகாதீர்கள். சாம்பிராணி, கொசுவத்தி, விறகடுப்பு, பீடிப் புகை எதுவும் அந்த அறைக்குள் வேண்டாம்.

நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆர்.எஸ்.வி.யை அது தடுக்காது, ஆனால் வேறு வகை நிமோனியாவிலிருந்து காக்கும்; விடாமல் போடுங்கள்.

சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி மாதிரி மலையூர்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாயங்காலமே மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே இறங்கிவிடுங்கள். வழியில் குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைத் துணியால் மூடாதீர்கள். திணறிக்கொண்டிருக்கும்போது வாயில் எதையும் புகட்டாதீர்கள். மூச்சு விடுவதைச் செல்போனில் ஒரு வீடியோ எடுத்து வந்தால், வீட்டில் எப்படி இருந்தது என்று எங்களுக்கும் தெரியும்.