ஊக்கம், ஊக்கல், ஊக்குவிப்பு: ‘மோட்டிவேஷன்’ என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம்

பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் இரண்டு வாக்கியங்களை அடிக்கடி கேட்கலாம். “அந்தப் பையனுக்கு மோட்டிவேஷனே இல்ல சார்” என்பது ஒன்று. “பரீட்சைக்கு முன்னாடி பிள்ளைங்களுக்கு ஒரு மோட்டிவேஷன் கிளாஸ் வெச்சிடலாம்” என்பது மற்றொன்று. முதல் வாக்கியத்தில் அந்தச் சொல் மாணவனுக்குள் இருக்க வேண்டிய ஒன்றைக் குறிக்கிறது. இரண்டாவதில் வெளியிலிருந்து ஒருவர் வந்து செய்யும் செயலைக் குறிக்கிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இடம் பார்த்துப் பொருள் கொள்கிறது. தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் இருந்தும் நாம் அவற்றைக் கலந்துவிட்டோம். பேச்சில் இந்தக் கலப்பால் பெரிய இழப்பு இல்லை. ஒரு மாணவரின் கற்கும் மனநிலையையும் நடத்தையையும் மதிப்பிட்டு, அடுத்த பாடத்துக்கு அவரை ஆயத்தப்படுத்த முனையும்போதுதான் அது தீங்கு செய்கிறது.

‘மோட்டிவேஷன்’ என்பதன் வேர் இலத்தீனில் உள்ள ‘மொவேரே’ என்னும் வினை. ‘அசைத்தல், நகர்த்துதல்’ என்பது அதன் பொருள். அதிலிருந்து ‘அசைக்க வல்லது’ என்ற பொருளில் ‘மோட்டிவ்’ பிறந்தது. ‘மோட்டிவேஷன்’ என்ற நீண்ட வடிவம் 19ஆம் நூற்றாண்டில் தோன்றி, 20ஆம் நூற்றாண்டில் உளவியலின் கலைச்சொல்லாக நிலைபெற்றது. அசைப்பது எது, அது உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை இந்த வேர் சொல்வதில்லை.

தமிழில் இதற்கு நேரானது ‘ஊக்கு’ என்னும் வினை. ஆக்கு என்பதிலிருந்து ஆக்கமும், நோக்கு என்பதிலிருந்து நோக்கமும் வருவதுபோல, ஊக்கு என்பதிலிருந்து ஊக்கம் வருகிறது. இந்த வினையின் மிக அழகான பழைய ஆட்சி கலித்தொகையின் 37ஆம் பாடலில் இருக்கிறது. ஊசலில் அமர்ந்திருக்கும் பெண், அருகில் வந்தவனிடம் “ஐய சிறிது என்னை ஊக்கி” என்று கேட்கிறாள். அவனும் நன்று என்று சொல்லி ஊக்குகிறான். ஊசலைப் பிடித்துத் தள்ளிவிடுவதுதான் இங்கே ஊக்குதல். உளவியல் நெடுங்காலம் தேடிக் கண்ட உவமை இந்த ஒரு சொல்லுக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றும். ஊசலைத் தள்ளுவதற்கு ஒரு கை வேண்டும். ஆனால் தள்ளிய பிறகு காலை நீட்டியும் மடக்கியும் ஆட்டத்தைத் தொடர்வது ஊசலில் இருப்பவரின் வேலை.

திருக்குறளில் இதே வினை முழுக்கவும் உள்ளே திரும்பிவிடுகிறது. “ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்” என்ற குறளிலும் (463), நுனிக்கொம்பு ஏறியவர் அதையும் கடந்து ‘ஊக்கின்’ உயிருக்கு முடிவாகும் என்ற குறளிலும் (476), ஊக்குபவரும் ஊக்கத்தால் இயங்குபவரும் ஒருவரே. பிறரைத் தள்ளும் பொருள் அங்கே இல்லை. 60ஆம் அதிகாரத்துக்கு ‘ஊக்கமுடைமை’ என்றே பெயர். ஊக்கம் ஒருவரது உடைமை. பிறர் கொடுத்துவிட்டுப் போகும் பொருள் அன்று. 592ஆம் குறள் அதை ‘உள்ளம்’ என்ற சொல்லாலேயே சுட்டி, “உள்ளம் உடைமை உடைமை” என்கிறது.

அந்த அதிகாரத்துக்குப் பரிமேலழகர் தரும் விளக்கத்தை, மாணவர் மதிப்பீட்டில் ஈடுபடும் ஒவ்வொருவரும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். மனம் மெலிதல் இன்றி, வினைசெய்தற்கண், கிளர்ச்சி உடைத்தாதல் என்பது அவர் தரும் வரையறை. மெலியாமை என்பது தடை வந்தாலும் விடாமல் தொடர்வது. வினைக்கண் என்பது அந்த ஆற்றல் ஒரு குறிப்பிட்ட வேலையை நோக்கியிருப்பது; பொதுவான துறுதுறுப்பு ஊக்கம் ஆகாது. கிளர்ச்சி என்பது செலுத்தும் முயற்சியின் அளவு. இன்றைய கல்வி உளவியலும் ஊக்கத்தைக் கண்டறிய, மாணவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார், எவ்வளவு முயல்கிறார், எவ்வளவு நேரம் விடாமல் நிற்கிறார் என்ற மூன்றையே பார்க்கச் சொல்கிறது.

அப்படியானால் ‘ஊக்குவி’ எங்கிருந்து வந்தது? செய் என்பது செய்வி என்றும், கல் என்பது கற்பி என்றும் ஆவதுபோல, வி, பி என்னும் விகுதிகள் ஒரு செயலைப் பிறரைக்கொண்டு செய்விக்கும் பொருளைத் தருகின்றன. கற்பித்தல் நடந்தாலும், கற்கும் செயல் மாணவருடையதே. அதுபோலவே ஊக்குவித்தலில் ஆசிரியரின் பங்கு ‘வி’ என்ற ஓர் எழுத்து. ஊக்குதல் என்ற பகுதி மாணவரிடமே இருக்கிறது. இலக்கணம் இவ்வளவு துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கும்போது, “நான் இவ்வளவு ஊக்குவித்தும் அவனுக்கு ஊக்கம் இல்லை” என்பது முரண்பாடான வாக்கியம் ஆகாது. இரண்டும் தனித்தனியே கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

கலைச்சொல் வழக்கில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் சிறு வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டின் ஆசிரியர் கல்வி நூல்களில் ஊக்கம், ஊக்குவித்தல் ஆகிய இரண்டுமே வரும். உள்ளிருந்து எழுவது அக ஊக்கம், பரிசு அல்லது தண்டனையால் எழுவது புற ஊக்கம், சாதிக்க வேண்டும் என்று எழுவது அடைவூக்கம். இலங்கையில் ‘ஊக்கல்’ என்ற வடிவம் கல்வித்துறையில் பரவலாக இருக்கிறது. கலித்தொகையின் ஊசலை நினைத்துக்கொண்டு பார்த்தால், செயலைக் குறிக்க ஊக்கல் மிகப் பொருத்தமான சொல். தமிழ்நாட்டிலும் அது புழங்கினால் நன்றாக இருக்கும். ‘உந்துதல்’ என்ற சொல்லை நான் இங்கே பரிந்துரைக்க மாட்டேன். பசி, தாகம் போன்ற உடல் தேவைகளின் தள்ளுதலுக்கு அது பொருந்தும். பாடம் படிக்கும் விருப்பத்துக்கு அது முரட்டுச் சொல்.

வெளியிலிருந்து வரும் தூண்டலைக் குறிக்கும் கூட்டுச்சொற்கள் நம்மிடம் ஏராளம். வேதியியலில் வினையூக்கி, வயலில் பயிர் வளர்ச்சி ஊக்கி, விளையாட்டில் தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து, அரசுத் திட்டங்களில் ஊக்கத்தொகை என்று எல்லாமே வெளியே இருந்து சேர்க்கப்படுபவை. இவற்றின் நிழல் பள்ளிக்கூடத்து ஊக்கத்தின் மேலும் விழுந்துவிட்டது. பேச்சாளர் ஒருவரை அழைத்து வந்து இரண்டு மணி நேரம் பேசவைத்தால் மாணவரிடம் ஊக்கம் ஏறிவிடும் என்ற எண்ணத்துக்கு இந்த நிழலும் ஒரு காரணம். வெளித்தூண்டல் உள்ளிருக்கும் விருப்பத்தைக் குறைக்கவும் கூடும் என்பதற்கு 1973இல் வெளியான ஓர் ஆய்வு சான்று. லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்களும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒரு மழலையர் பள்ளியில், ஏற்கெனவே படம் வரைவதில் விருப்பமுள்ள குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் பரிசு பற்றிய பேச்சே இல்லாத நாள்களில், மற்றக் குழந்தைகளைவிட ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் இந்தக் குறைவு காணப்படவில்லை.

ஊக்கத்தை அளப்பதற்கு என்றே வினாநிரல்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கல்வி உளவியலாளர் பின்ட்ரிச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கி, 1991இல் கையேடாக வெளியிட்ட வினாநிரலில் 81 கூற்றுகள் உண்டு. அவற்றில் 31 ஊக்கம் பற்றியவை; மற்ற 50 மாணவர் எப்படிப் படிக்கிறார் என்பதைப் பற்றியவை. ஒவ்வொரு கூற்றுக்கும் மாணவர் 1 முதல் 7 வரை தாமே எண் இடுகிறார். ஊக்கத்தையும் படிக்கும் முறையையும் ஒரே எண்ணாகக் கூட்டிவிடாமல் பிரித்துக் காட்டுவது இதன் நன்மை. ஆனால் விடை சொல்பவர் மாணவர். அதை வாங்கிப் பார்ப்பவர் அவருக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர் என்றால், ஆசிரியர் விரும்பும் விடையே எழுதப்படும். நம் வகுப்பறைகளில் இந்த இடர்ப்பாடு மிகுதி. ஆகவே வினாநிரலோடு கண்ணால் கண்ட நடத்தையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

‘நடத்தை’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. உளவியலில் அது கண்ணுக்குத் தெரியும் செயல் என்ற நடுநிலைச் சொல். எப்போது வந்தார், எத்தனை முறை கை உயர்த்தினார், எத்தனை நிமிடம் ஒரு கணக்கில் நின்றார் என்பவை நடத்தை. ஊர்வழக்கிலோ “நடத்தை சரியில்லை” என்றால் அது ஒழுக்கத்தின் மேல் வைக்கும் பழி. இந்த இரண்டு பொருளும் ஒரே பதிவேட்டில் கலக்கும்போது, தாமதமாக வரும் பிள்ளை பொறுப்பற்ற பிள்ளையாகிவிடுகிறது. கண்டதை எழுதும் இடத்தில் நடத்தை என்றும், நெறி பற்றிய தீர்ப்புக்கு மட்டும் ஒழுக்கம் என்றும் வைத்துக்கொள்வதே சரியான ஆட்சி.

மூன்றாவது சொல் ‘ரெடினெஸ்’, அதாவது கற்கத் தயாராக இருக்கும் நிலை. ஆசிரியர் கல்வியில் அமெரிக்க உளவியலாளர் தார்ண்டைக்கின் கற்றல் விதிகளைப் படித்தவர்களுக்கு ‘ஆயத்த விதி’ நினைவிருக்கும். ஆயத்தம் வடமொழிச் சொல். ‘தயார்நிலை’ என்பதில் உள்ள தயார், அரபு, பாரசீகம் வழியாக வந்தது. இரண்டும் நம் வாயில் நெடுங்காலம் பழகியவை என்பதால் இவற்றை விலக்க வேண்டியதில்லை. கற்றலைப் பற்றிப் பேசும்போது ஆயத்தம் என்பதே எனக்கு நிறைவாக இருக்கிறது. ஒரு பாடத்தைக் கற்க அதற்கு முந்தைய திறன் கைவந்திருப்பதே ஆயத்தம். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், பிள்ளைகளின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்தார்கள். ஆயத்தத்தின் படிநிலையைச் சொல்ல இதைவிட நல்ல தமிழ் கிடைக்காது. அரும்பு என்று எழுதப்பட்ட குழந்தை எதிலும் தோற்றதாகப் பொருள் வராது.

இந்தச் சொற்களைக் கலந்து நானே ஒருமுறை தவறினேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் முதல் பாடவேளைக்கு வாரத்தில் மூன்று நாளாவது தாமதமாக வருவான். கேள்வி கேட்டால் தலை குனிவான். பதிவேட்டில் ‘ஊக்கம் குறைவு’ என்று எழுதிவைத்திருந்தேன். ஒரு நாள் அவனது கணக்கு நோட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதிய பக்கங்கள் அழகாக, என் சிவப்பு மையின் சரிக்குறியோடு இருந்தன. நடுவே ஒரு பக்கத்தில், காரணிப்படுத்தும் கணக்கு ஒன்றை அவன் தானாகப் போட்டுப் பார்த்திருந்தான். மூன்று முறை போட்டு, மூன்றையும் அடிமட்டம் வைத்து நேர்கோட்டால் அடித்திருந்தான். நான்காவது முயற்சி பாதியில் நின்றிருந்தது. நான்கிலும் நடு உறுப்பை இரண்டாகப் பிரிக்கும் ஒரே இடத்தில், கழித்தல் குறி தவறியிருந்தது. அந்தப் பக்கத்தில் என் குறி எதுவும் இல்லை.

மெலியாமை, வினைக்கண், கிளர்ச்சி ஆகிய மூன்றும் அந்தப் பக்கத்திலேயே இருந்தன. அவனிடம் இல்லாமலிருந்தது ஆயத்தம். குறை முழுக்களைப் பெருக்குவதில் அவனுக்கு இருந்த குழப்பம் இரண்டு வகுப்புகளாகத் தீராமல் வந்திருந்தது. தாமதம் என்பது நடத்தை. அதற்குக் காரணம், விடியற்காலையில் அவன் வீடு வீடாகப் பால் பாக்கெட் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தான் என்பது, கேட்ட பிறகே எனக்குத் தெரிந்தது.

பழைய வரியை அடித்துவிட்டு அதே இடத்தில் எழுதினேன்: “தானே நான்கு முறை முயன்றிருக்கிறான். குறை முழுக்களின் பெருக்கல் தெளிவில்லை. காலையில் பால் போடுகிறான். முதல் பாடவேளைக்குத் தாமதம்.” மறுநாள் முதல் மதிய உணவு இடைவேளையில் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, முழுக்கள் பாடத்திலிருந்து நாங்கள் இருவரும் தொடங்கினோம்.