மலைநாட்டு அடுப்பில் சீனி பிஸ்கட்

நுவரெலியாவில் பருப்பு வேக நேரமெடுக்கும் என்பது அங்கே சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். குக்கர் இல்லாமல் கடலை அவிக்கிற பேச்சே இல்லை. ஆனால் கொழும்பிலிருந்து வந்த குறிப்பை வைத்துச் சுட்ட பிஸ்கட் தட்டு முழுக்க ஒரே தகடாகப் பரவிப் போவதற்கும் அதே காரணம் இருக்கலாம் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. மா சரியில்லை, பட்டர் சரியில்லை, அவன் (oven) சரியில்லை என்று பழி எங்கெங்கோ போய்விடும்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் அது 96 பாகைக்குக் கிட்ட. பதுளை இன்னும் தாழ்வு என்பதால் 98ஐ நெருங்கும். இந்தச் சில பாகைகள் ஒரு பிஸ்கட்டுக்குள் என்ன செய்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், எந்தக் குறிப்பையும் நம் ஊருக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சாதாரண அளவை வைத்துக்கொள்வோம்: கோதுமை மா 250 கிராம், பட்டர் 150 கிராம், சீனி 125 கிராம், ஒரு முட்டை, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வனிலா. இது தாழ்நிலத்துக்கான அளவு. கோப்பையால் அளப்பதைவிடத் தராசில் நிறுப்பதே நல்லது. மாவை அழுத்தி அள்ளுவதற்கும் பொலபொலவென்று அள்ளுவதற்கும் உள்ள வித்தியாசத்திலேயே பிஸ்கட்டின் தலையெழுத்து மாறிவிடும்.

வேலை பட்டரிலும் சீனியிலும் தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்து வெளிறி வரும்வரை அடிக்கச் சொல்வார்கள். கலப்பதற்காக மட்டும் அல்ல அது. கூரிய விளிம்புள்ள சீனிப் பளிங்குகள் பட்டருக்குள் ஓடும்போது நுண்ணிய காற்றுக் குமிழிகள் அதற்குள் சிக்கிக்கொள்கின்றன. நிறம் வெளிறுவது அந்தக் காற்றினால்தான். பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கிற குமிழிகளை ஊதிப் பெருக்குகிறது, அவ்வளவுதான். அடிப்பதில் சோம்பல்பட்டுவிட்டு அப்பச்சோடாவைக் கூடப் போட்டால் சவர்க்கார வாடைதான் மிஞ்சும்.

இங்கே மலைநாட்டுக்கு ஒரு வசதியும் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. பட்டர் காற்றைப் பிடித்து வைத்திருக்க அதன் கொழுப்பில் ஒரு பகுதி திடமாகவும் ஒரு பகுதி இளகியும் இருக்க வேண்டும். 18 முதல் 20 பாகை அதற்கு வாகான சூடு. கொழும்புச் சமையலறையின் 30 பாகையில் பட்டர் எண்ணெய்ப் பதத்துக்குப் போய்விடுவதால் குமிழி நிற்காது. நுவரெலியாவில் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான். ஜனவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும். அப்போது பட்டர் கல்லாக இருக்கும், சீனி அதில் உரசுமே தவிர உள்ளே போகாது. உடனே அதை அடுப்பில் உருக்குகிறவர்கள் உண்டு. வேண்டாம். உருகிய கொழுப்பில் காற்றைத் தாங்கப் பளிங்கு எதுவும் மிஞ்சாது. தேங்காய்ப்பூ மாதிரித் துருவி, அடுப்புக்குச் சற்றுத் தள்ளிக் கொஞ்ச நேரம் வையுங்கள். விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும், பளபளப்பு வரக்கூடாது.

மாஜரின் போட்டாலும் பிஸ்கட் வரும். ஆனால் பட்டரில் ஏறத்தாழ 80 சதவீதம் கொழுப்பு. பாணில் பூசுவதற்கென்று விற்கிற சில மென்மையான வகைகளில் கொழுப்பு இதைவிடக் குறைவு, தண்ணீர் கூட. அவற்றைப் போட்டால் பிஸ்கட் மொறுமொறுக்காது. பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து முட்டை, அதன்பின் மா. கோதுமை மாவில் உள்ள புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து பிசையப்படும்போது குளூட்டன் என்ற இழுபடும் வலையாகின்றன. ரொட்டிக்கு அது வேண்டும், அதனால்தான் நன்றாகப் பிசைந்து ஊற வைக்கிறோம். பிஸ்கட்டுக்கு அது எதிரி. கொழுப்பு மாத்துகளைப் பூசி மறைப்பதும், சீனி தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதும் அந்த வலையைத் தடுக்கின்றன. மா போட்ட பிறகு உலர்ந்த மா கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை கிளறினால் போதும். அப்புறம் மூடி அரை மணிநேரம் குளிரில் வைக்க வேண்டும். மலைநாட்டில் ஜன்னலோரமே பல நாட்களில் அந்த வேலையைச் செய்துவிடும்.

இனி அவனுக்குள். சூடு ஏறத் தொடங்கியதும் பட்டர் 35 பாகைக்குள் உருகிவிடுகிறது. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரிலும் பட்டரில் இருக்கும் தண்ணீரிலும் சீனி கரைந்து பாகாகிறது. பிஸ்கட் தளர்ந்து பக்கவாட்டில் பரவுகிறது. இன்னும் சூடேறும்போது முட்டைப் புரதம் இறுகுகிறது, தண்ணீர் ஆவியாகிறது, பரவல் நிற்கிறது. பரவல் முந்தினால் தகடு, இறுக்கம் முந்தினால் உருண்டை.

உயரம் குறுக்கிடுவது இந்த இடத்தில்தான். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அதே அளவு வாயு கால் பங்கு கூடுதல் இடத்தைப் பிடிக்கும். குமிழிகள் சீக்கிரமே பெருத்து, சுவர் மெலிந்து, பிஸ்கட் இறுகுவதற்கு முன்பே உடைந்து அமுங்குகின்றன. தண்ணீரும் சீக்கிரம் ஆவியாவதால் மிச்சமிருக்கிற பாகில் சீனியின் செறிவு கூடுகிறது. செறிவான பாகு புரதத்தை இறுக விடாமல் தாமதப்படுத்தும். ஆக ஒரே நேரத்தில் பரவலுக்கு உதவியும் இறுக்கத்துக்குத் தடையும்.

திருத்தம் பெரிய வித்தை இல்லை. நுவரெலியா உயரத்துக்குப் பேக்கிங் பவுடரைப் பாதியாக்குங்கள். சீனியை 110 கிராமுக்குக் குறையுங்கள். மா ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கள். அவனை 175க்குப் பதில் 185 பாகையில் வைத்து, நேரத்தை ஓரிரு நிமிடம் குறையுங்கள். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் இதில் பாதித் திருத்தம் போதும். கண்டியில் குறிப்பை அப்படியே செய்யலாம். முழுத் தட்டையும் அடுக்குவதற்கு முன் ஒயில் பேப்பரில் ஒரே ஒரு பிஸ்கட்டைச் சுட்டுப் பாருங்கள், அது சொல்லிவிடும் மீதியை.

ஆனால் வீட்டு அவன்கள் சொல்கிற சூடும் உள்ளே இருக்கிற சூடும் ஒன்றல்ல. அதைச் சோதிக்கச் சீனியே போதும். சீனி உருகுவது 186 பாகையில். ஒரு தேக்கரண்டி சீனியை அலுமினியத் தாளில் வைத்து, 175 என்று திருப்பி 15 நிமிடம் விடுங்கள். உருகினால் உங்கள் அவன் பொய் சொல்கிறது. 190இல் வைத்தும் உருகாவிட்டால் அதுவும் பொய்தான், எதிர்ப்பக்கமாக.

பொன்னிறத்துக்கு வருவோம். அமினோ அமிலங்களும் சில வகைச் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தருவதை 1912இல் லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு அறிஞர் விவரித்தார். அவர் பெயராலேயே அது மையார் வினை எனப்படுகிறது. இது 140 பாகைக்கு மேல் வேகமெடுக்கும். ஈரம் இருக்கும்வரை எந்தப் பகுதியும் கொதிநிலையைத் தாண்டிப் பெரிதாகச் சூடேறாது என்பதால், முதலில் காய்கிற விளிம்பும் அடியும் முதலில் சிவக்கின்றன. மணல் பரப்பிய சட்டிக்குள் தட்டு வைத்துச் சுடுகிறவர்களுக்கு அடி கருகி மேல் வெளிறியே இருப்பதும் இதனால்தான். மேலிருந்து சூடு இறங்க வழியில்லை. மூடியின்மேல் கொஞ்சம் தணல் போட்டால் சரியாகும். ஊர்ப் போறணையில் கல் கூரையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

விளிம்பு இலேசாகச் சிவந்ததும் எடுத்துவிடுங்கள், நடுவில் தொட்டால் மெத்தென்று இருந்தாலும் பரவாயில்லை. ஆறும்போது பாகு கெட்டியாகித்தான் மொறுமொறுப்பு வருகிறது. அப்படி வந்த மொறுமொறுப்பை மழைக்கால மூட்டம் ஒரே மாலையில் தின்றுவிடும், ஏனென்றால் சீனி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நன்றாக ஆறிய பிறகே இறுக்கமான மூடியுள்ள டின்னில் போடுங்கள். சூட்டோடு மூடினால் அதன் ஆவியே அதை நமத்துப் போக வைக்கும். ஏற்கெனவே நமத்துப் போயிருந்தால் 150 பாகையில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிடுங்கள், பழைய நிலைக்கு வந்துவிடும்.