‘சின்ன கேஸ்தானே’ என்று விண்ணப்பத்தில் விட்டுவிடலாமா?

வேலை கிடைக்கப் போகிற நேரத்தில்தான் பெரும்பாலும் வக்கீலைத் தேடி வருகிறார்கள். "சார், காலேஜ்ல ஒரு அடிதடி. அப்பவே ராஜியாயிடுச்சு. இதை எழுதணுமா?" குன்னூர், ஊட்டி நீதிமன்றங்களில் வழக்கு நடத்தும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. வெலிங்டன் ராணுவ மையம், அருவங்காடு தொழிற்சாலை, காவலர் தேர்வு, வனத்துறை, ரயில்வே என்று நம் மலைப் பிள்ளைகள் எதிர்பார்க்கும் வேலை எதுவானாலும் போலீஸ் வெரிஃபிகேஷன் இல்லாமல் முடியாது.

என் பதில் ஒன்றுதான். படிவம் கேட்டால் எழுதுங்கள். கேட்டதற்கு மட்டும், முழுதாக எழுதுங்கள்.

கேள்வியை நிதானமாகப் படிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மத்திய அரசு வேலைக்கான அட்டெஸ்டேஷன் படிவம், அதாவது உங்களைப் பற்றிய விவரங்களை நீங்களே உறுதிசெய்து தரும் படிவம், "வழக்கு உண்டா" என்று மட்டும் கேட்பதில்லை. கைதானீர்களா, குற்ற வழக்கு நடந்ததா, நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுத்தீர்களா, நீதிமன்றம் அபராதம் விதித்ததா, தண்டித்ததா, பல்கலைக்கழகம் தேர்வெழுதத் தடை போட்டதா, வழக்கு நிலுவையில் உள்ளதா என்று தனித்தனியாகக் கேட்கிறது. மறைத்தால் தகுதியிழப்பு என்ற எச்சரிக்கையும் அதிலேயே அச்சாகியிருக்கும்.

அபராதம் பற்றிய கேள்வியில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். மே மாத சீசனில் வண்டி நிறுத்தும் இடத்தில் வெளியூர்க்காரரோடு ஒரு டிரைவர் தம்பிக்கு வாய்த்தகராறு என்று வைத்துக்கொள்வோம். போலீஸ் பெட்டி கேஸ், அதாவது சிறு வழக்கு, போடும். அவர் மாஜிஸ்திரேட் முன்னால் "ஆமாங்க" என்று சொல்லி, சில நூறு ரூபாய் கட்டிவிட்டு, அன்று சாயங்காலமே சவாரிக்குப் போய்விடுவார். அத்தோடு முடிந்தது என்று வீட்டில் எல்லாரும் நினைப்பார்கள். சட்டத்தின் கணக்கில் அது குற்றத்தை ஒப்புக்கொண்டு வாங்கிய தண்டனை. இரண்டு வருஷம் கழித்துப் படிவத்தில் "இல்லை" என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஹெல்மெட் போடாததற்குப் போலீஸ்காரரிடம் ரசீது வாங்கிக்கொண்டு கட்டிய ஸ்பாட் ஃபைன் வேறு. அது நீதிமன்றம் போட்ட அபராதம் ஆகாது.

அதேபோல ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் வந்ததற்குத் தரும் ரசீது) பேசி முடிந்த புகாரை வழக்கு என்று எழுத வேண்டியதில்லை. முதல் தகவல் அறிக்கை போடப்பட்டதா என்று பாருங்கள். ஊர்த் திருவிழாச் சண்டையில் இரண்டு தரப்பையும் கோட்டாட்சியர் முன் நிறுத்தி, இனி அமைதியாக இருப்போம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-வது பிரிவில் பிணை எழுதி வாங்கியிருப்பார்கள். இப்போது அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 126-வது பிரிவு. அதைப் பலர் மறந்தே போகிறார்கள். நன்னடத்தைப் பிணை பற்றிப் படிவம் கேட்பது அதைத்தான்.

சொன்னால் வேலை போய்விடுமே என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் உச்ச நீதிமன்றம் 2016-இல் அவதார் சிங் வழக்கில் இதைத் தெளிவாக்கிவிட்டது. தகவல் உண்மையாக இருக்க வேண்டும். கேட்காததைச் சொல்லவில்லை என்று யாரையும் தண்டிக்க முடியாது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயத்தை மறைத்திருந்தால்கூட நிர்வாகம் மன்னிக்கலாம். 2011-இல் சந்தீப் குமார் வழக்கிலும், இளைஞர்களின் சிறு தவறுகளை மன்னிக்கும் மனம் வேண்டும் என்றே அந்த நீதிமன்றம் சொன்னது. ஆனால் ‘மன்னிக்கலாம்’ என்பதை நம்பி மறைக்காதீர்கள். அங்கே முடிவு அதிகாரி கையில் இருக்கிறது. நம் மலையில் வெரிஃபிகேஷனுக்கு வருகிறவர் பல நேரம் அதே ஸ்டேஷன்காரராகத்தான் இருப்பார். பழைய முதல் தகவல் அறிக்கை கணினியிலும் இருக்கும்.

சொல்லிவிட்டால் வேலை நிச்சயம் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. உண்மையைச் சொன்ன பிறகும் தகுதியை எடைபோடும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு என்று அதே 2016 தீர்ப்பு சொல்கிறது. தமிழ்நாடு காவலர் பணி விதிகள் இன்னும் கடுமை. சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலோ, புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் விடுதலையானாலோ, வழக்கில் தொடர்புள்ளவராகவே அவரைப் பார்க்கின்றன. "சாட்சியை மாத்திச் சொல்லச் சொல்லி முடிச்சுக்கலாம் சார்" என்று பெற்றோர் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது. பையன் காக்கிச் சட்டை கனவோடு இருந்தால், வழக்கை எப்படி முடிப்பது என்று முதல் நாளே வக்கீலிடம் பேசுங்கள்.

18 வயதுக்குள் நடந்தது தனி. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு, அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது. 16 வயதுக்கு மேல் பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி என்று முடிவானவர்களுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

கல்லூரி ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்தது பல்கலைக்கழகத் தடை ஆகாது. ஆனால் மேற்படிப்பு விண்ணப்பம் "ஒழுங்கு நடவடிக்கை ஏதேனும்" என்று கேட்டால் அதையும் எழுத வேண்டும்.

எழுதும்போது கதை வேண்டாம், காரணமும் வேண்டாம். காவல் நிலையம், குற்ற எண், சட்டப் பிரிவு, நீதிமன்றம், வழக்கு எண், முடிவு, தேதி, அவ்வளவுதான். தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணையுங்கள். வருஷம் போகப் போகப் பழைய கட்டுகளைத் தேடி எடுப்பது கஷ்டம். அதனால் நகல் மனுவை இப்போதே போட்டு வையுங்கள்.

ஏற்கெனவே "இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? சரி, வெரிஃபிகேஷன் வரும்வரை காத்திருக்காதீர்கள். விவரத்தை எழுதி, நகலோடு, விண்ணப்பித்த அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் இந்த வாரமே அனுப்புங்கள். அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டி வந்தால், நீங்களாகவே முன்வந்து சொன்னீர்கள் என்பதற்கு அதுதான் ஆதாரம்.