நெகட்டிவ் வகைத் தாய்: அடுத்த கர்ப்பத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

தாயின் ரத்த வகை ஆர்ஹெச் நெகட்டிவ், கணவருடையது பாசிட்டிவ் என்றால் முதல் குழந்தை பெரும்பாலும் நல்லபடியாகவே பிறந்துவிடும். சிக்கல் அடுத்ததில்தான். நஞ்சுக்கொடி பிரியும்போது குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. அதிலுள்ள டி ஆன்டிஜென் (பாசிட்டிவ் ரத்தத்தின் சிவப்பணுக்களில் மட்டும் இருக்கும் புரதம்) தாயின் உடலுக்கு அந்நியம் என்பதால் எதிர்ப்பொருள் உருவாகிறது. முதலில் வரும் ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள் உருவில் பெரியது, நஞ்சுக்கொடியைத் தாண்டாது. பின்னால் வரும் ஐஜிஜி வகை தாண்டும். அடுத்த கருவும் பாசிட்டிவாக இருந்தால் அதன் சிவப்பணுக்களை உடைக்கும்: ரத்தசோகை, பிறந்ததும் கடும் மஞ்சள் காமாலை, முற்றினால் வயிற்றுக்குள்ளேயே உடல் நீர்கோத்து இறப்பு.

தடுப்பது ஆன்டி-டி ஊசி. 300 மைக்ரோகிராம் போட்டால், உள்ளே வந்த சுமார் 30 மில்லி குழந்தை ரத்தத்துக்குத் தாயின் உடல் எதிர்ப்பொருள் தயாரிக்காமல் பார்த்துக்கொள்ளும். 28-வது வாரத்தில் ஒன்று. தொப்புள்கொடி ரத்தத்தில் குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால், பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. தவறினாலும் 10 நாள் வரை ஓரளவு பலனுண்டு. தாயின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது ஐசிடி பரிசோதனை. அதற்கான ரத்தத்தை 28-வது வார ஊசிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பின்னால் எடுத்தால் ஊசி மருந்தே பாசிட்டிவ் காட்டிக் குழப்பும்.

பிரசவத்தைவிடக் கருச்சிதைவில்தான் ஊசி அதிகம் விட்டுப்போகிறது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே கலைத்தால் அது எந்தச் சீட்டிலும் ஏறாது. 12 வாரத்துக்குள் என்றால் 50 மைக்ரோகிராம் போதும். கருக்குழாய்க் கர்ப்பம், வண்டியிலிருந்து விழுந்து வயிற்றில் அடி, இடையில் ரத்தப்போக்கு, எல்லாவற்றுக்கும் ஊசி உண்டு.

முதல் பிரசவம் பென்னாகரத்தில் தாய்வீட்டில், அடுத்த கர்ப்பம் ஓசூரில் என்றால் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு கூடவே போக வேண்டும். ஊசி போட்டார்களா, எந்தத் தேதியில் என்று அதில்தான் இருக்கும். மாமனைக் கட்டியதால் வந்த கோளாறு என்று சிலர் சொல்வது சரியல்ல. சொந்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போது கணவரின் ரத்த வகையைப் பாருங்கள். அவரும் நெகட்டிவ் என்றால் கவலையில்லை. பாசிட்டிவ் என்றால் தாய்க்கு ஐசிடி. அது நெகட்டிவாக வந்தால் தாராளமாகக் கருத்தரிக்கலாம், கர்ப்பத்தில் திரும்பப் பார்ப்பார்கள். எதிர்ப்பொருள் ஏற்கெனவே உருவாகியிருந்தால் ஆன்டி-டி இனி வேலை செய்யாது. அதற்காகக் குழந்தையே கூடாது என்றில்லை. எதிர்ப்பொருளின் அளவைக் காட்டும் டைட்டர் 1:16 தொட்டால், கருவின் மூளைத் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளர் ஸ்கேனில் அளப்பார்கள். வேகம் கூடினால் ரத்தசோகை. தேவைப்பட்டால் தொப்புள்கொடி வழியாகக் கருவுக்கே ரத்தம் ஏற்றலாம், ஆனால் அதற்குக் கருநல நிபுணர் உள்ள பெரிய மருத்துவமனை வேண்டும். டைட்டரை ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் பாருங்கள். லேப் மாறினால் எண்ணும் மாறலாம்.